பாட்டை வாக்குமூலமாக்கியவர்கள்

1960ஆம் ஆண்டு கிங்ஸ்டன் ட்ரையோ என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுக் குழு ஒரு பாட்டை வெளியிட்டது. காவல் அதிகாரி ஒருவரைச் சுட்டுவிட்டு ஓடுகிற ஒருவன், பிடிபட்டுச் சிறைக்குப் போன கதையைத் தானே சொல்கிறான். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, கேரி ஃப்ரைட் என்ற உளவியல் ஆய்வாளர் அந்த வரிகளைத் தாளில் அச்சடித்து ஆட்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். சிலர் கையில் இருந்த தாள் அதைக் கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை) பாட்டு என்றது; வேறு சிலருடைய தாள் ராப் என்றது. வரிகளில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் ராப் என்று நம்பிப் படித்தவர்களுக்கு அது ஆபத்தானதாகவும் அருவருப்பானதாகவும் கட்டுப்படுத்த வேண்டியதாகவும் கூடுதலாகத் தோன்றியது. 2016இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்து ஆய்வாளர்கள் இதே சோதனையைப் புதிய ஆட்களிடம் செய்து பார்த்தார்கள். அதே முடிவுதான் வந்தது. ராப் என்று நம்பியவர்கள் அந்த வரிகளைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளாமல், நடந்ததைச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும் போக்கும் அதில் தெரிந்தது.

ராப், டிஜே இசை, பிரேக் டான்ஸ், கிராஃபிட்டி எல்லாம் சேர்ந்த ஹிப்ஹாப் பற்றி ஊடகத்தில் நடக்கும் வாதமெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான். இதைக் கேட்டு இளைஞர்கள் கெட்டுப்போகிறார்களா? கேட்கவேண்டிய கேள்விதான், பின்னால் அதற்கும் வருவோம். ஆனால் மேலே சொன்ன சோதனையில் கலந்துகொண்டவர்கள் ராப் கேட்டுக் கெட்டுப்போனவர்கள் அல்லர். பாட்டைக் கேட்காமலேயே அதைப் பற்றி ஒரு முடிவோடு வந்தவர்கள். அந்த முடிவை அவர்களுக்குக் கொடுத்தது யார்? ஹிப்ஹாப்பின் தாக்கம் என்று நாம் சொல்வதில் ஒரு பெரிய பங்கு, ஹிப்ஹாப்பைப் பற்றிய செய்தியின் தாக்கம் என்பது என் கணிப்பு. எட்டாம் வகுப்புப் பையன் ஹெட்போனில் கேட்பதைவிட, அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர் மாலைச் செய்தியில் பார்ப்பது அவன் வாழ்க்கையை அதிகம் மாற்றக்கூடியது.

இதற்கு 1992ஆம் ஆண்டைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த மார்ச்சில் பாடி கவுண்ட் என்ற இசைக்குழுவின் முதல் ஆல்பம் வந்தது. குழுவின் பாடகர் ஐஸ்-டி. லாஸ் ஏஞ்சலஸ் ராப்பர் என்று ஏற்கெனவே பெயர் பெற்றவர். ஆனால் பாடி கவுண்ட் ராப் குழு அல்ல. இரைச்சலான கிட்டார்களும் அடிதடி டிரம்ஸும் கொண்ட ஹெவி மெட்டல் குழு. ஆல்பத்தின் கடைசிப் பாட்டான ‘காப் கில்லர்’ (போலீஸ் கொலையாளி), போலீஸ் வன்முறையைக் கண்டு வெறியேறிய ஒருவன் பழிவாங்கக் கிளம்புவதைச் சொன்னது. ஏப்ரல் 29இல், ராட்னி கிங் என்ற கறுப்பரை அடித்த போலீஸ்காரர்கள் விடுவிக்கப்பட்டு லாஸ் ஏஞ்சலஸ் பற்றியெரிந்தது. ஜூனில் டெக்சாஸ் போலீஸ் சங்கம் ஒன்று, பாட்டை வெளியிட்ட டைம் வார்னர் நிறுவனத்தின் பொருள்கள் அனைத்தையும் புறக்கணிக்கச் சொன்னது. துணை அதிபர் டான் குவேல் கண்டித்தார், அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும் கண்டித்தார். ஜூலையில் நடந்த டைம் வார்னர் பங்குதாரர் கூட்டத்தில் நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் எழுந்து நின்று, ஆல்பத்தின் வரிகளை உரக்கப் படித்துக் காட்டினார்.

இத்தனையிலும் அந்தப் பாட்டு ‘ராப் பாட்டு’ என்றே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. இது ராக் பாட்டு, ஒரு பாத்திரத்தின் குரல் என்று ஐஸ்-டி எத்தனையோ முறை சொன்னார். பாட்டை ஒரு முறை ஓடவிட்டிருந்தால் காது உள்ள எவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பாடியவர் கறுப்பர், பேச்சு கோபமானது. வகைப்படுத்த அதுவே போதுமாக இருந்தது. 1974இல் எரிக் கிளாப்டன், பாப் மார்லி எழுதிய, ஷெரிஃப் ஒருவரைச் சுட்டதாகச் சொல்லும் பாட்டைப் பாடி அமெரிக்க வெற்றிப் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். 1955இல் ஜானி கேஷ், சாவதைப் பார்ப்பதற்காகவே ஒருவனைச் சுட்டேன் என்று பாடினார். சிறைச்சாலைக்கே போய்க் கைதிகள் முன் அதைப் பாடிப் பதிவுசெய்து பெரும் புகழும் அடைந்தார். அவர்கள் பாத்திரம் பேசினார்கள் என்று எல்லாருக்கும் புரிந்தது. 1992 ஜூலை இறுதியில் ஐஸ்-டி அந்தப் பாட்டை ஆல்பத்திலிருந்து நீக்கிவிட்டார்.

ஆரம்பத்தில் நிலைமை இப்படி இல்லை. 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி நியூயார்க்கின் ப்ரோங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தின் பொது அறையில், சிண்டி கேம்பெல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தார். பள்ளி திறக்கும் நேரம், புதுத்துணி வாங்கக் காசு வேண்டும். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டு போட்டது ஜமைக்காவிலிருந்து வந்த அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். பாட்டில் டிரம்ஸ் மட்டும் தனியாக வரும் சில நொடிகளுக்குத்தான் கூட்டம் அதிகம் ஆடுகிறது என்று கவனித்து, அந்த நொடிகளை இரண்டு தட்டுகளை வைத்து நீட்டத் தொடங்கியவர் அவர். அந்தக் காலத்தில் ப்ரோங்க்ஸைக் கிழித்துக்கொண்டு எக்ஸ்பிரஸ்வே போயிருந்தது, வேலைகள் வெளியேறியிருந்தன, காப்பீட்டுப் பணத்துக்காக வீட்டு முதலாளிகளே கட்டடங்களுக்குத் தீ வைத்த கதைகள் உண்டு. பத்திரிகைகளுக்கு ப்ரோங்க்ஸ் என்றால் எரியும் கட்டடப் படம். உள்ளே இசை பிறந்துகொண்டிருந்ததை ஆறு ஆண்டுகள் வெளியே யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

1979இல் ‘ராப்பர்ஸ் டிலைட்’ வானொலியில் வெடித்தபோதுதான் நாடு கவனித்தது. ஆனால் அது ப்ரோங்க்ஸின் பார்ட்டிகளிலிருந்து வந்ததல்ல. நியூ ஜெர்சியில் சில்வியா ராபின்சன் என்ற தயாரிப்பாளர் மூன்று பேரைச் சேர்த்து உருவாக்கிய குழுவின் பாட்டு. அதில் ஒருவர் பாடிய வரிகள் ப்ரோங்க்ஸின் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதி வைத்திருந்தவை. பெயர்கூட மாற்றாமல் அப்படியே பாடிவிட்டார். 1981இல் ராப் வரிகளோடு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பாட்டு பிளாண்டி என்ற வெள்ளையர் ராக் குழுவினுடையது. ஆக, தேசம் பார்த்த முதல் முகமே நகலின் முகம். இருந்தாலும் அந்த ஆண்டுகளின் செய்திகளில் ஒரு வெகுளித்தனமான ஆர்வம் இருந்தது. தலையால் சுழலும் பையன்களைத் தொலைக்காட்சி ஆச்சரியத்தோடு காட்டியது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் நிறைவு விழாவில் பிரேக் டான்ஸ் இருந்தது. பயமுறுத்தும் விஷயமாக அது அப்போது யாருக்கும் படவில்லை.

திருப்பம் 1986 ஆகஸ்டில். கலிஃபோர்னியாவின் லாங் பீச் அரங்கில் ரன்-டிஎம்சி குழுவின் நிகழ்ச்சி. கூட்டத்துக்குள் உள்ளூர் கும்பல்களுக்கிடையே கைகலப்பு மூண்டு நாற்பது பேருக்கு மேல் காயம். ரன்-டிஎம்சி அப்போது மேடையேறக்கூட இல்லை. மறுநாள் செய்திகளில் குற்றவாளி ராப். இந்தச் செய்திகளின் பின்விளைவை ஆய்வாளர் டிரிஷா ரோஸ் விரிவாக எழுதியிருக்கிறார்: அரங்க உரிமையாளர்கள் ராப் நிகழ்ச்சிகளை மறுத்தார்கள், காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, வாசலில் சோதனை கடுமையானது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சம்பவம்: 1979 டிசம்பரில் சின்சினாட்டி நகரில் தி ஹூ என்ற ராக் குழுவின் நிகழ்ச்சிக்கு முண்டியடித்ததில் 11 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்த நகரம் தடை செய்தது இருக்கை எண் இல்லாமல் கூட்டத்தை உள்ளே விடும் முறையை. ராக் இசை அரங்குகளில் தொடர்ந்தது.

1990 மார்ச்சில் நியூஸ்வீக் இதழ் ராப்பின் கோபம் என்ற பொருளில் தலைப்பிட்டு அட்டைப்படக் கட்டுரை போட்டது. அட்டையில் இருந்தவர் டோன் லோக். அவருடைய வெற்றிப் பாட்டுகள் பார்ட்டியும் பெண்களும் பற்றிய கேலிப் பாட்டுகள்! கோபத்துக்கு உதாரணம் தேடியவர்கள் கையில் கிடைத்த முகத்தை எடுத்துப் போட்டுவிட்டார்கள் போலும். அதே ஆண்டு ஃபுளோரிடாவில் டூ லைவ் க்ரூ குழுவின் ஆல்பத்தை ஒரு கூட்டாட்சி நீதிபதி ஆபாசம் என்று தீர்ப்பளித்தார். அதை விற்ற கடைக்காரர் ஒருவர் கைதானார். 1992இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு தள்ளுபடியானது. கைது நடந்த நாளில் காட்டிய பரபரப்பில் பாதிகூடத் தள்ளுபடிக்கு இல்லை.

எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியை இதில் எங்கே வைப்பது என்பது சிக்கலான கேள்வி. 1981 ஆகஸ்டில் தொடங்கிய அந்த அலைவரிசையில் கறுப்புக் கலைஞர்களைக் காண்பது அரிது. 1983இல் டேவிட் போவி, அவர்கள் எடுத்த பேட்டியிலேயே அவர்களை இதைக் கேட்டுத் திணறவைத்தார். ஆனால் 1988 ஆகஸ்டில் அதே எம்டிவி ‘யோ! எம்டிவி ராப்ஸ்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. பார்வையாளர்கள் அள்ளிக்கொண்டார்கள், அடுத்த ஆண்டே வார நாட்கள் அனைத்திலும் வந்தது. தொகுப்பாளர்களில் ஒருவரான ஃபேப் ஃபைவ் ஃப்ரெடி கிராஃபிட்டி ஓவியர், ஆரம்பத்திலிருந்தே இந்தக் கூட்டத்தில் இருந்தவர். கேமராவைத் தூக்கிக்கொண்டு கலைஞர்களின் தெருவுக்கே போனார். பப்ளிக் எனிமியின் அரசியலும் டி லா சோலின் கிறுக்குத்தனமும் குயின் லத்தீஃபாவின் கம்பீரமும் ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து வந்தன. ஒரே இசைக்குள் இத்தனை வகை மனிதர்கள் இருக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த காலம் அது. தொலைக்காட்சி ஹிப்ஹாப்புக்குச் செய்த ஒரே பெரிய நன்மை என்று இதைச் சொல்வேன். 1995இல் அதை நிறுத்தினார்கள்.

அதே எம்டிவி, காம்ப்டன் நகரத்து என்டபிள்யூஏ குழுவின் முதல் வீடியோ ஒன்றை ஒளிபரப்ப மறுத்தது. போலீஸைத் தாக்கி அவர்கள் பாடியதற்காக 1989 ஆகஸ்டில் எஃப்பிஐ அதிகாரி ஒருவர் அவர்களுடைய இசை நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். முந்தைய ஆண்டு 78 காவலர்கள் பணியில் கொல்லப்பட்டதை அதில் நினைவூட்டினார். விற்பனையைப் பொறுத்தவரை, அதைவிட நல்ல விளம்பரம் பணம் கொடுத்தாலும் கிடைத்திருக்காது. வானொலி ஏறக்குறைய ஒதுக்கிய ஆல்பம் பத்து லட்சத்தைத் தாண்டியது.

1991 மே மாதம் நடந்த ஒரு கணக்கு மாற்றம் இசை ரசிகர்களுக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. அதுவரை பில்போர்டு பட்டியல், கடை ஊழியர்கள் தொலைபேசியில் சொல்லும் மதிப்பீட்டில் ஓடியது. சவுண்ட்ஸ்கேன் என்ற கணக்கிடும் முறை வந்ததும் பார்கோடு வழியாக உண்மை விற்பனை எண்ணப்பட்டது. சில வாரங்களிலேயே என்டபிள்யூஏவின் அடுத்த ஆல்பம் இரண்டாம் இடத்தில் நுழைந்து, மறுவாரம் முதலிடம் ஏறியது. புறநகர் மால்களிலும் இது விற்கிறது என்று நிறுவனங்களுக்கு எண்ணோடு தெரிந்தது. அத்தோடு எந்த வகை ராப்புக்குப் பணம் ஒதுக்குவது என்ற கணக்கும் மாறியது. 1996இல் தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்பட்டு, ஒரு நிறுவனம் எத்தனை வானொலி நிலையம் வைத்திருக்கலாம் என்ற தேசிய உச்சவரம்பு நீக்கப்பட்டது. நாற்பது சொச்சம் நிலையங்கள் வைத்திருந்த கிளியர் சேனல் சில ஆண்டுகளில் 1,200ஐத் தாண்டியது. எந்த ஊரில் வானொலியைத் திருப்பினாலும் அதே பதினைந்து இருபது பாட்டு. உள்ளூர் டிஜே தன் ஊர்ப் பையனின் பாட்டைப் போடும் இடம் சுருங்கிப்போனது. ஹிப்ஹாப் என்றாலே துப்பாக்கி, பணக்கட்டு, அரை நிர்வாணப் பெண்கள் என்ற பிம்பத்தில் கலைஞர்களின் பங்கு உண்டுதான். ஆனால் ஆயிரம் பாட்டில் எந்தப் பத்து ஒலிக்கவேண்டும் என்று தீர்மானித்த நாற்காலிகளில் அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை.

வெளியாரை மட்டும் குறை சொல்லித் தப்பிக்கவும் முடியாது. டுபாக் ஷக்கூர், பிக்கி எனப்பட்ட நட்டோரியஸ் பிஐஜி என்ற இரண்டு ராப்பர்களின் தனிப்பட்ட மனக்கசப்பு, 1995–96இல் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்குமான போராக வளர்ந்ததில் ஹிப்ஹாப்பை நேசித்த பத்திரிகைகளுக்கே கணிசமான பங்கு இருந்தது. குயின்சி ஜோன்ஸ் தொடங்கிய வைப் இதழ் டுபாக்கிடம் சிறையிலேயே பேட்டி எடுத்துப் போட்டது. பின்னர் கிழக்கு எதிர் மேற்கு என்று அட்டைப்படமும் போட்டது. விற்றது. 1996 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் டுபாக் சுடப்பட்டு இறந்தார். 1997 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸில் பிக்கியும். டுபாக் கொலையில் ஒருவர் கைதாக 2023 வரை ஆனது.

இப்போது ஒத்திவைத்த கேள்வி: கேட்பவர்களுக்கு என்ன ஆகிறது? 2003இல் வெளியான ஓர் ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். அலபாமாவில் 522 கறுப்பின வளரிளம் பெண்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். ராப் வீடியோக்களை அதிகம் பார்த்தவர்கள் ஆசிரியரை அடித்திருக்கும் வாய்ப்பு மும்மடங்கு, கைதாகியிருக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்தது. எண்கள் அதிர்ச்சியானவைதான். ஆனால் அவை வீடியோ பார்த்தலுக்கும் நடத்தைக்கும் இடையிலான உறவைக் காட்டுகின்றனவே ஒழிய, எது எதற்குக் காரணம் என்பதை அல்ல. பள்ளி முடிந்து வந்தால் மணிக்கணக்கில் டிவி முன்னால் விடப்பட்ட பிள்ளையின் வீட்டில் வேறு என்னென்ன இல்லை என்பதும் கணக்கில் சேரவேண்டும். இன்னொரு பக்கம், அமெரிக்காவில் வன்முறைக் குற்ற விகிதம் 1991இல் உச்சம் தொட்டு அந்தப் பத்தாண்டு முழுவதும் இறங்கியது. கும்பல் வாழ்க்கையைப் பாடும் கேங்ஸ்டா ராப் விற்பனையில் கொடிகட்டிப் பறந்ததும் அதே ஆண்டுகளில்தான். இதை வைத்து ராப் குற்றத்தைக் குறைத்தது என்று யாராவது சொன்னால் சிரிப்போம். மறுபக்க வாதத்துக்கும் அதே அளவுகோல்தானே?

தாக்கமே இல்லை என்பதல்ல என் கட்சி. 2017இல் லாஜிக் என்ற ராப்பர், அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு வெளியிட்டார். உயிரை விட நினைக்கும் ஒருவன் அந்த எண்ணுக்கு அழைத்துப் பேசி, மெல்ல மீள்வதுதான் பாட்டு. பாட்டு வெளியானபோது, எம்டிவி விருது விழாவில் பாடப்பட்டபோது, கிராமி மேடையில் பாடப்பட்டபோது என்று கவனம் குவிந்த மூன்று சந்தர்ப்பங்களை ஒட்டிய 34 நாட்களை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வழக்கமாக எதிர்பார்ப்பதைவிட 9,915 அழைப்புகள் அதிகம். 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் தற்கொலை மரணங்கள் 245 குறைவு என்று 2021 டிசம்பரில் பிஎம்ஜே மருத்துவ இதழில் எழுதினார்கள். இதுவும் கணக்கியல் மதிப்பீடுதான், அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பாட்டு மட்டும் இல்லை, அதை எந்த மேடையில் எத்தனை பேர் முன் வைத்தார்கள் என்பதும் சேர்ந்துதான் அந்த விளைவு. ராப்பால் கெட்டவர்களின் கணக்குக்குக் கிடைக்கும் பெரிய எழுத்துத் தலைப்பு இதற்குக் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஹிப்ஹாப்பின் மீது வைக்கப்பட்ட மிகக் கூர்மையான விமர்சனம் அரசியல்வாதிகளிடமிருந்தோ போலீஸ் சங்கங்களிடமிருந்தோ வரவில்லை. அதைக் கேட்டு வளர்ந்த கறுப்பினப் பெண்களிடமிருந்து வந்தது. 2004இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் பெண்கள் கல்லூரிக்கு எலும்பு மஜ்ஜைத் தானம் திரட்ட ராப்பர் நெல்லி தரப்பு வர இருந்தது. அவருடைய சகோதரி புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார், நல்ல காரியம். ஆனால் அதற்குச் சற்று முன் வந்த அவருடைய வீடியோ ஒன்றில், பெண்ணின் பின்புறத்தில் கிரெடிட் கார்டைத் தேய்ப்பதுபோல ஒரு காட்சி இருந்தது. மஜ்ஜை சேகரிக்க வாருங்கள், கூடவே உட்கார்ந்து இந்த வீடியோவைப் பற்றியும் எங்களோடு பேசுங்கள் என்றார்கள் மாணவிகள். நிகழ்ச்சி ரத்தானது. அடுத்த ஆண்டு கறுப்பினப் பெண்களுக்கான எசென்ஸ் இதழ், இசையை மீட்போம் என்ற இயக்கத்தையே தொடங்கியது. அவர்கள் தடை கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பாட்டில் எங்களை ஏன் இப்படிக் காட்டுகிறாய் என்று கேட்டார்கள். பதில் சொல்லக் கடினமான கேள்வி அதுதான். டிவி விவாதங்களுக்கு அது அவ்வளவாக உதவாது. ஒருவர் ராப்பைத் திட்டவேண்டும், இன்னொருவர் முட்டுக்கொடுக்கவேண்டும், அப்போதுதான் நேரம் ஓடும்.

ஊடகம் அந்தக் கேள்வியை எப்படி இரவல் வாங்கியது என்பதற்கு 2007 உதாரணம். டான் ஐமஸ் என்ற வெள்ளையர் வானொலித் தொகுப்பாளர், ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியினரை, பெரும்பாலும் கறுப்பின மாணவிகளை, நேரலையில் இனத்தையும் பாலினத்தையும் சேர்த்து இழித்தார். எதிர்ப்புக் கிளம்பியதும், அந்த வார்த்தைகள் கறுப்பின மக்களிடமிருந்தே வந்தவை என்று சமாளித்தார். ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் அவருக்கு வேலை போனது. ஆனால் விவாதம் அதற்குள் வண்டியை வேறு ரோட்டில் திருப்பிவிட்டது. ராப்பர்கள் சொல்லலாம், ஐமஸ் சொல்லக்கூடாதா? செப்டம்பரில் நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியபோது கூண்டில் நின்றது இசைத்துறை. அறுபது வயதைத் தாண்டிய, பல்லாண்டுகளாக இப்படிப் பேசியே பேர் வாங்கிய ஒருவர், ராப் கேட்டுத்தான் கெட்டுப்போனார் என்று நம்பவேண்டுமாம்.

2015இலும் இதே ஆட்டம். கென்ட்ரிக் லாமர் விருது விழா ஒன்றில் போலீஸ் கார் மேல் ஏறி நின்று, எல்லாம் சரியாகும் என்று நம்பிக்கை சொல்லும் பாட்டைப் பாடினார். போலீஸ் கொலைகளுக்கு எதிரான ஊர்வலங்களில் இளைஞர்கள் கோஷமாக எடுத்துக்கொண்ட பாட்டு. ஃபாக்ஸ் நியூஸில் ஜெரால்டோ ரிவேரா, அண்மை ஆண்டுகளில் கறுப்பின இளைஞர்களுக்கு இனவெறியைவிட ஹிப்ஹாப்பே அதிகக் கேடு செய்திருக்கிறது என்று சொன்னார். லாமர் அடுத்த ஆல்பத்தில் அந்த ஃபாக்ஸ் ஒலித்துண்டையே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார். 2018இல் அந்த ஆல்பத்துக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. செவ்வியல், ஜாஸ் இசைக்கு வெளியே அந்தப் பரிசு போனது அதுவே முதல் முறை.

தமிழர்களுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. எம்ஐஏ என்ற மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, சிறு வயதில் யாழ்ப்பாணத்தில் போரைப் பார்த்து, அகதியாக லண்டன் திரும்பியவர். ஈழத்தைப் பற்றிப் பேசும் பாடகி என்றால் மேற்குப் பத்திரிகைகளுக்கு ஒரு சந்தேகம் கூடவே வரும். 2010இல் நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு இதழ் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை போட்டது. புரட்சி பேசியபடியே விலையுயர்ந்த டிரஃபிள் வாசனை உருளைக்கிழங்கு வறுவலைச் சாப்பிட்டார் என்ற சித்திரம்தான் அதில் எல்லார் மனத்திலும் தங்கியது. வறுவலை வாங்கச் சொன்னதே நிருபர்தான் என்று காட்டும் ஒலிப்பதிவை எம்ஐஏ வெளியிட்டார். கூற்றுகள் சில, சொன்ன வரிசையில் தரப்படவில்லை என்று பத்திரிகையும் ஒரு குறிப்புப் போட்டது. கோபத்தில் அவர் நிருபரின் தொலைபேசி எண்ணைப் பொதுவில் போட்டது வேறு கதை. அதைச் சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் மனிதர்களுக்கு வறுவல் நினைவிருக்கிறது, குறிப்பு நினைவில்லை.

இங்கே நடந்தது வேறு விதம். அமெரிக்க ராப்பர் தன் வரிகளுக்காகக் கூண்டில் நிற்கிறார் என்றால், நம் ராப்பர் சில நேரம் தன் வரிகளுக்கு அருகிலேயே இருப்பதில்லை. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ தமிழ் ராப்பர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் போன்ற நிலமற்ற உழைப்பாளிகளின் வரலாற்றைச் சொன்ன பாட்டு. எழுதியவர், பாடியவர்களில் ஒருவர் அறிவு. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் பாடகி தீயையும் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலையும் அட்டையில் போட்டது, அறிவு இல்லை. அவர்கள் இருவரின் வேறு பணிகளுக்கான அட்டை அது என்ற விளக்கம் உண்டு. ஆனால் உள்ளே பேசப்பட்ட பாட்டுகளில் அறிவு எழுதியவை இருந்தன. இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் கேட்டபின் அறிவை வைத்துத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. கேட்டதால் வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவுக்கே திரும்பினால், பிம்பத்தின் விலை மிக அதிகமாக இருப்பது நீதிமன்றத்தில். எரிக் நீல்சன், ஆண்ட்ரியா டென்னிஸ் என்ற இரு ஆய்வாளர்கள், ராப் வரிகள் குற்றவழக்கில் சாட்சியமாக்கப்பட்ட நூற்றுக்கணக்கான வழக்குகளைத் தேடித் தொகுத்திருக்கிறார்கள். லூசியானாவைச் சேர்ந்த ராப்பர் மேக் ஃபிப்ஸ் வழக்கு அவற்றில் பலரும் எடுத்துச் சொல்வது. 2000இல் அவருடைய நிகழ்ச்சி நடந்த இடத்தில் ஓர் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது நான் என்று வேறொருவர் ஒப்புக்கொண்டிருந்தார். துப்பாக்கியோ தடயமோ ஃபிப்ஸை நோக்கவில்லை. அரசுத் தரப்பு அவருடைய இரண்டு வேறு பாட்டுகளிலிருந்து வரிகளை எடுத்து ஒன்றாக ஒட்டி, ஜூரியின் முன் படித்தது. அதில் ஒரு வரி வியட்நாம் போரில் சண்டையிட்ட தன் தந்தையைப் பற்றி அவர் எழுதியது. 2001இல் 30 ஆண்டு தண்டனை. வெளியே வந்தது 2021இல். வெள்ளையர்களே பெரும்பான்மையாக இருக்கும் ஒரு ஜூரி, ராப்பர் என்றால் யார் என்பதை எங்கே கற்றிருக்கும்? பாட்டிலிருந்து அல்ல என்பது நிச்சயம்.

2022 செப்டம்பரில் கலிஃபோர்னியா, பாட்டு வரிகளைச் சாட்சியமாக்கும் முன் அவை வழக்குக்கு எவ்வளவு பயன்படும், முன்முடிவைத் தூண்டுமா என்று நீதிபதி சீர்தூக்கவேண்டும் என்று சட்டம் போட்டது. ஜார்ஜியாவில் அப்போது அப்படிச் சட்டம் இல்லை. அதே ஆண்டு மே மாதம் அட்லாண்டா ராப்பர் யங் தக், தன் இசை நிறுவனத்தின் பெயரில் குற்றக் கும்பல் நடத்தியதாக 27 பேரோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்டார். ஜூரிகளைத் தேர்ந்தெடுக்கவே பத்து மாதம் ஓடியது. பாட்டு வரிகளை நிபந்தனையோடு சாட்சியமாக்கலாம் என்று 2023 நவம்பரில் நீதிபதி அனுமதித்தார். வழக்கு ஜார்ஜியாவின் வரலாற்றிலேயே நீளமான குற்ற விசாரணையானது. நடுவில் அந்த நீதிபதியே மாற்றப்பட்டார். 2024 அக்டோபர் 31இல் யங் தக் சில குற்றங்களை ஒப்புக்கொள்ள, சிறையில் கழித்த காலமே தண்டனையாகக் கொள்ளப்பட்டது. கூடவே 15 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. கடைசிவரை விசாரணையை எதிர்கொண்ட இருவரை டிசம்பரில் ஜூரி கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது.

நன்னடத்தை நிபந்தனைகளில் ஒன்று, பத்து ஆண்டுகளுக்கு அவர் அட்லாண்டா வட்டாரத்துக்கு வெளியே இருக்கவேண்டும், குடும்பத்தில் நல்லது கெட்டதுக்கு மட்டும் வரலாம் என்பது. இன்னொன்றின்படி ஆண்டுக்கு நான்கு முறை அவர் கட்டாயம் வந்தாகவேண்டும், பிள்ளைகளிடம் கும்பல் வன்முறைக்கு எதிராகப் பேசுவதற்கு. அதை அவர் இசை நிகழ்ச்சியாகவே நடத்தலாம் என்றும் நீதிமன்றம் அனுமதித்திருக்கிறது.